பதிவில்லாத இல்லறங்கள்: சட்டத்தின் பாதுகாப்பு யாருக்கு?

திருமணம் செய்யாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது பற்றிய பேச்சு எழுந்தவுடன், அது மேனாட்டு நாகரிகத்தின் இறக்குமதி என்றும், கொழும்பிலோ சென்னையிலோ நடக்கின்ற சங்கதி என்றும், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அதனுடன் தொடர்பில்லை என்றும் கூறி விடயத்தை முடித்துவிடுவதே எம்மவர் வழக்கமாக இருந்து வருகின்றது. ஆனால் மூன்று தசாப்தகாலப் போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஒரு மண்ணில், திருமணச் சான்றிதழ் இல்லாத இல்லறம் என்பது நாகரிகம் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. அது காணி உறுதி, தாபரிப்புப் பணம், ஓய்வூதியம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை பற்றிய கேள்வியாகும்.

இவ்வாறு வாழ்பவர்கள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். முதலாவது வகையினர் கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டியும், உற்றார் முன்னிலையில் கூறை கொடுத்தும் வாழ்க்கையைத் தொடங்கி, பதிவு மட்டும் செய்யாமல் விட்டவர்கள். நிக்காஹ் முடித்தும் பதிவேட்டில் இடம்பெறாத முஸ்லிம் தம்பதியரும் இவர்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவர்களே. இரண்டாவது வகையினர் முதல் திருமணம் சட்டப்படி முடிவுறாத நிலையில், கைவிடப்பட்டோ கணவர் காணாமல் ஆக்கப்பட்டோ, வேறொருவருடன் வாழத் தலைப்பட்டவர்கள். திருமணம் வேண்டாம் எனத் தாமே தீர்மானித்துச் சேர்ந்து வாழ்பவர்கள் மூன்றாவது வகையினர். பொதுவிவாதங்களில் இந்த மூன்றாவது வகையினரே பேசப்படுகின்றனர். முதல் இரு வகையினரின் இழப்போ பேசப்படுவதில்லை.

இலங்கையின் சட்டம் இந்த மூன்று வகையினரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றது: நீங்கள் திருமணமானவர்களா, இல்லையா? ‘சேர்ந்து வாழ்வோர்’ என்ற தனியான குடியியல் தகுதி எமது சட்டத்தில் கிடையாது. வயதுவந்த இருவர் மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்வது குற்றமுமன்று. குற்றமில்லை என்பதற்காக உரிமை உண்டு என்று பொருள் கொள்ளலாகாது. குற்றத்துக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட இந்த வெற்றிடத்திலேயே பெண்களும் பிள்ளைகளும் விழுகின்றனர்.

நீதிமன்றத்தின் ஊகமும் கருமபீடத்தின் கேள்வியும்

முற்காலத்தில் யாழ்ப்பாணத்தின் வசதியற்ற குடும்பங்களிடையே பெண் சமைத்துப் பரிமாற ஆண் உண்ணும் ‘சோறு குடுப்பித்தல்’ என்ற எளிய முறையே இல்லறத்தின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. பதிவாளரும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. ஊரார் அவர்களைக் கணவன் மனைவியென ஏற்றுக்கொண்டனர். ஊராரின் இந்த ஏற்பைச் சட்டமும் முற்றாகப் புறக்கணிக்கவில்லை. பொதுச் சட்டத்தின்கீழ் வரும் தமிழர்களைப் பொறுத்தவரை, பதிவு என்பது திருமணத்துக்கான மிகச் சிறந்த சான்றே தவிர, அது இல்லையென்ற காரணத்தால் மட்டும் முறைப்படி நடந்த வழமைத் திருமணம் செல்லுபடியற்றதாகிவிடாது.

1881 ஆம் ஆண்டில் அரோணகிரி எதிர் வைகாளி என்ற இலங்கைத் தமிழர் வழக்கில் பிரித்தானிய கோமறைக் கழகம் வழங்கிய தீர்ப்பு இவ்விடயத்தில் அடித்தளமானது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தமை நிரூபிக்கப்படுமிடத்து, அதற்கு மாறானது தெளிவாக நிரூபிக்கப்பட்டாலன்றி, அவர்கள் செல்லுபடியான திருமணத்தின் பேரிலேயே வாழ்ந்தனர் எனச் சட்டம் ஊகிக்கும் என்பது அதன் சாரம். 1927 ஆம் ஆண்டில் தினோஹாமி எதிர் பலஹாமி வழக்கில், 20 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற தம்பதியர் தொடர்பாகவும் அதே கோட்பாடு மீள வலியுறுத்தப்பட்டது. இன்றும் எமது நீதிமன்றங்கள் ‘பழக்கமும் ஊர்ப் பேச்சும்’ என்ற இந்த அடிப்படையைப் பின்பற்றுகின்றன.

கேட்பதற்கு இது பெரும் பாதுகாப்பாகத் தோன்றலாம். ஆயினும் இந்த ஊகம் எப்போது, எங்கே உதவுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கணவர் இறந்த பின்னர், அவரது சகோதரர்களோ வேறு உரித்தாளர்களோ காணிக்கு உரிமை கோரும்போது, மாவட்ட நீதிமன்றத்தில், ஆண்டுக்கணக்கான வழக்கின் முடிவில் அது உதவுகின்றது. அதற்கிடையில் அப்பெண் சாட்சிகளைத் தேட வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, வாக்காளர் இடாப்பு, குடும்ப அட்டை, அழைப்பிதழ்கள், ஈமக்கிரியையில் தனக்கு அளிக்கப்பட்ட இடம் என ஒவ்வொன்றையும் சான்றாக முன்வைக்க வேண்டும். பலமுறை இடம்பெயர்ந்த குடும்பத்தில் இவற்றில் எத்தனை எஞ்சியிருக்கும்? அயலவர்கள் வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும் சிதறிப்போன பின்னர் ‘ஊர்ப் பேச்சை’ யார் வந்து கூறுவது?

ஓய்வூதியத் திணைக்களத்தின் கருமபீடத்தில் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர் எதையும் ஊகிப்பதில்லை. அவர் சான்றிதழைக் கேட்கின்றார். அரச ஊழியர் ஒருவரின் மரணத்தின் பின்னர் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் சட்டபூர்வமான துணைக்கே உரியது. நீதிமன்றத்தில் ஊகிக்கப்படக்கூடிய மனைவி, கருமபீடத்தில் யாரோ ஒருத்தியாகி விடுகின்றாள் என்பதே யதார்த்தம்.

தேசவழமையும் தேடியதேட்டமும்

1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக் என்பவரால் தொகுக்கப்பட்டு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் பிரித்தானியரால் சட்டவலு அளிக்கப்பட்ட தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரித்து நோக்கியது. கணவனும் மனைவியும் இல்லற காலத்தில் ஈட்டிய சொத்தில் இருவருக்கும் பங்குண்டு என்ற தேடியதேட்டக் கோட்பாடு, உலகின் பல நாடுகள் இருபதாம் நூற்றாண்டிலேயே வந்தடைந்த ஒரு நியாயத்தை எமது முன்னோர் எப்போதோ அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும், 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தமும் இக்கோட்பாட்டுக்கு எழுத்து வடிவம் கொடுத்தன. திருத்தத்தின்படி, இறந்த துணைக்குரிய தேடியதேட்டத்தில் மரணசாதனம் மூலமோ வேறு விதமாகவோ பராதீனம் செய்யப்படாத பகுதியில் அரைவாசி உயிரோடிருக்கும் துணைக்குச் சேரும்.

ஆனால் இவையனைத்தும் திருமணம் நிலவும் காலத்துக்கே பொருந்தும். திருமணம் நிரூபிக்கப்படாவிடின் தேடியதேட்டமும் இல்லை. பெண்ணொருத்தி தன் நகைகளை விற்று, சீட்டுப் பணத்தைக் கொடுத்து, வெளிநாட்டுச் சகோதரன் அனுப்பிய உதவியையும் சேர்த்து வாங்கிய காணியின் உறுதி ஆணின் பெயரில் மட்டும் எழுதப்பட்டிருப்பின், சட்டத்தின் பார்வையில் அது அவனுடைய காணியே. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவு மாத்திரம் அவளுக்கு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்துள்ளது. ஒருவர் பணம் கொடுக்க மற்றொருவர் பெயரில் சொத்து மாற்றப்படும்போது, பணம் கொடுத்தவர் அதை மற்றவரின் நன்மைக்காகக் கொடுக்கக் கருதவில்லையெனத் தோன்றுமிடத்து, பெயருக்குரியவர் அச்சொத்தைப் பணம் கொடுத்தவரின் நன்மைக்காகவே வைத்திருக்கின்றார் என அப்பிரிவு கூறுகின்றது. எனினும் அதற்குப் பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்கும் வேண்டும். வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, தோட்டத்தில் உழைத்தமைக்கு எவரும் பற்றுச்சீட்டு வழங்குவதில்லை.

தாபரிப்பு விடயத்திலும் நிலைமை இதுவே. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கோரும் உரிமையை வழங்குகின்றது. மணமாகாத துணைக்கு அவ்வுரிமை இல்லை. திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கு உண்டு. ஆனால் பெற்றோர் யார் என்பது நீதவான் திருப்தியுறும் வகையில் வலுவான சான்றினால் நிரூபிக்கப்பட வேண்டும். திருமணம் செய்வதாக வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதியை நம்பி வாழ்ந்தவளுக்கோ அந்த வாக்கை மீறியமைக்காக நட்டஈடு கோரும் வழியும் இல்லை. வாக்குறுதி எழுத்தில் இருந்தாலன்றி வழக்குத் தொடர இயலாதென விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது.

பிள்ளைகளின் மரபுரிமை இன்னும் வேதனைக்குரியது. பெற்றோரின் திருமணம் நிரூபிக்கப்படாத பிள்ளை, மரணசாதனம் எழுதாது இறந்த தாயின் சொத்தை மட்டுமே பெறும். தந்தையின் சொத்தும் தாய்வழி உறவினரின் சொத்தும் அதற்கு இல்லை. எவ்விதத் தீர்மானத்தையும் எடுக்காத ஒரு குழந்தை, பெற்றோரின் தீர்மானத்துக்காகத் தண்டிக்கப்படுவதை எந்தச் சமயமும் நியாயப்படுத்தாது.

முஸ்லிம் குடும்பங்களின் நிலை

திருமணத்துக்குப் புறம்பான கூட்டு வாழ்வை இஸ்லாம் ஏற்பதில்லை என்பது வெளிப்படை. ஆகவே இவ்விவாதம் முஸ்லிம்களுக்கு உரியதன்று என எண்ணுவோர் உளர். ஆனால் சான்று பற்றிய பிரச்சினை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவைக் கடமையாக்கிய போதிலும், பதிவு செய்யப்படாத காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லுபடியற்றதாகாது எனக் கூறுகின்றது. மார்க்க அடிப்படையில் இது பொருத்தமானதே. நடைமுறையிலோ, கணவர் மறுக்கும்போது, அல்லது அவர் மரணித்து உறவினர் மறுக்கும்போது, நிக்காஹ் நடந்ததை நிரூபிக்கும் பாரம் பெண்ணின் தலையில் விழுகின்றது.

1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் வீடும் கடையும் மட்டும் அடங்கவில்லை. ஆவணங்களும் அடங்கின. புத்தளத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து, போரின் பின்னர் சோனகதெருவுக்கு மீளவரும் ஒரு குடும்பத்தில், நிக்காஹ்வுக்குச் சாட்சியாக நின்றவர்கள் உயிருடன் இல்லையெனில் அந்த விதவையின் நிலை என்ன? 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமற்ற மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைகள் இருப்பின் எட்டில் ஒன்றும், இல்லாவிடின் நான்கில் ஒன்றும் அவளுக்குரிய பங்காகும். ஆனால் அதைக் கோருவதற்கு அவள் முதலில் மனைவியாக நிரூபிக்கப்பட வேண்டும். 2009 இல் நியமிக்கப்பட்டு 2018 ஜனவரியில் அறிக்கை கையளித்த நீதியரசர் சலீம் மர்சூப் குழுவின் முன்னிருந்த விடயங்களுள் பதிவின் முக்கியத்துவமும் ஒன்றாகும். வயதெல்லை, காதி நீதிமன்றம் ஆகியன குறித்து எத்தகைய கருத்து வேறுபாடு இருப்பினும், ஒரு பெண்ணின் நிக்காஹ் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பதில் வேறுபாட்டுக்கு இடமிருக்கத் தேவையில்லை.

காத்திருப்புக்கும் வாழ்வுக்கும் இடையில்

மிகவும் இக்கட்டான நிலையில் உள்ளவர்கள் இரண்டாவது வகையினரே. நீண்டகாலக் கூட்டு வாழ்வினால் எழும் திருமண ஊகம், இருவரில் ஒருவருக்கு ஏற்கனவே சட்டபூர்வத் துணை இருப்பின் எழாது. முந்திய திருமணம் நிலைத்திருக்கையில் செய்யும் இரண்டாவது திருமணம் செல்லாது என்பதுடன், அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமுமாகும். பொதுச் சட்டத்தின்கீழ் மணந்த ஒருவர், அத்திருமணத்தை நீக்காமல் இஸ்லாத்துக்கு மாறி மறுமணம் செய்வதும் செல்லுபடியாகாதென அபயசுந்தர வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பொதுச் சட்டத்தின் கீழான விவாகரத்தோ சோரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், தீராத ஆண்மைக் குறைபாடு போன்ற குற்ற அடிப்படையிலேயே கிடைக்கின்றது. வழக்குச் செலவுக்கு வழியற்றவர்கள் பிரிந்து வாழ்கின்றனரேயன்றி விவாகரத்துப் பெறுவதில்லை.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் முன்னே இரண்டு பத்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் இறப்புச் சான்றிதழ். மற்றையது, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தத்தின்கீழ் வழங்கப்படும் காணப்படாமைச் சான்றிதழ். இரண்டாவது பத்திரம் சொத்தைப் பராமரிக்கவும் நலன்புரி உதவிகளைப் பெறவும் உதவும். ஆனால் திருமணத்தை முடிவுக்குக் கொண்டுவராது. முதலாவதைப் பெற்றால் மறுமணம் செய்யலாம். ஆனால் கணவருக்கு என்ன நடந்தது என்ற கேள்வியைத் தானே மூடிவிட்டதாக அவள் உணர்கின்றாள். உண்மையைக் கோரிப் போராடும் தாய்மாரும் மனைவியரும் அச்சான்றிதழை மறுப்பதன் காரணம் இதுவே. இவ்வாறு மறுத்த ஒருத்தி, ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு துணையுடன் வாழத் தலைப்பட்டால், அவளுக்கு மனைவி என்ற உரிமையும் இல்லை, சமூகத்தின் ஆதரவும் இல்லை. அவளுக்குப் பிறக்கும் பிள்ளையைக்கூட, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு, காணாமற்போன கணவரின் பிள்ளையாகவே கொள்கின்றது. தொடர்பு கொள்ள வாய்ப்பிருக்கவில்லை என்பதை நிரூபித்தே அதனை மறுக்க முடியும்.

இன்று கையிலுள்ள வழிகள்

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லாத சில வழிகள் உள்ளன. திருமணத்துக்குத் தடையேதுமற்ற தம்பதியர், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் தமது விவாகத்தைப் பதிவு செய்யலாம். வன்னியில் ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பதினெட்டு வயதுக்கு முன்னரே சேர்த்து வைக்கப்பட்டவர்களுக்கு அன்று பதிவு செய்ய இயலாதிருந்தது. இன்று அத்தடை இல்லை. பெற்றோர் பின்னர் சட்டபூர்வமாக மணம் புரிவதால் அதற்கு முன் பிறந்த பிள்ளைகளும் சட்டபூர்வத் தகுதி பெறுவர்.

பதிவு செய்ய இயலாதோர் காணி வாங்கும்போது உறுதியை இருவர் பெயரிலும் பிரிபடாத சரிபாதியாக எழுதலாம். மரணசாதனம் எழுதலாம். 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விரும்பிய எவருக்கும் சொத்தை எழுதிவைக்கும் சுதந்திரத்தை அளித்துள்ளது. நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளுடனோ அதனைச் செய்யலாம். ஊழியர் சேமலாப நிதியிலும் வங்கிக் கணக்கிலும் பின்னுரித்தாளியின் பெயரைக் குறிப்பிடலாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழும் துணையினால் இழைக்கப்படும் வன்முறையையும் உள்ளடக்குகின்றது. திருமணச் சான்றிதழ் இல்லாத பெண்ணும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். வீட்டினுள் நுழையத் தடை, அவசர பண உதவி ஆகியவற்றையும் நீதிமன்றம் கட்டளையிடலாம். எமது சட்டப்புத்தகத்தில் மணமாகாத துணை வெளிப்படையாகப் பெயர் சொல்லப்பட்ட அரிய இடங்களுள் இதுவும் ஒன்று.

பிற நாடுகளின் அனுபவம்

எமது உறவுகள் வாழும் நாடுகள் இப்பிரச்சினையை வெவ்வேறு விதமாக அணுகியுள்ளன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர் பிரிவின்போது ஆதரவுப் பணம் கோரலாம். எனினும் மணமானோருக்குரிய சொத்துச் சமப்படுத்தல் அவருக்கு இல்லை. இங்கிலாந்தில், துணை இறப்பதற்கு முன்னர் இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் கணவன் மனைவி போல் வாழ்ந்தவர் அவரது சொத்திலிருந்து நியாயமான ஏற்பாட்டை நீதிமன்றத்தில் கோரலாம்.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ என்ற சொற்றொடரை அறிமுகப்படுத்தியது. கோயம்புத்தூரில் எழுந்த வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010 இல் இந்திய உச்ச நீதிமன்றம், இருவரும் மணமுடிக்கத் தகுதியுடையோராயும் மணமாகாதோராயும் இருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை விதித்தது. மாறாக, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தரகாண்ட் மாநிலத்தின் பொதுக் குடியியல் சட்டம், சேர்ந்து வாழ்வோர் தம்மைப் பதிவு செய்யாவிடின் சிறைத்தண்டனை என்று கூறுகின்றது. முன்னையது பாதிக்கப்பட்டவரைப் பாதுகாக்க முயல்கின்றது. பின்னையது வாழ்பவரைக் கண்காணிக்க முயல்கின்றது. போர்க்காலப் பதிவுகளையும் கண்காணிப்பையும் கண்டு வந்த வடபகுதி மக்களுக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

எமக்குத் தேவையானவை மூன்று. முதலாவது, வழமைத் திருமணத்தையும் நிக்காஹ்வையும் பிந்திப் பதிவு செய்வதற்கும், துணை இறந்துவிட்ட நிலையில் அதனை விரைந்து நிரூபிப்பதற்கும், பிரதேச செயலக மட்டத்திலும் நீதிமன்றத்திலும் செலவு குறைந்த எளிய நடைமுறை. நடமாடும் சேவைகளும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இதில் பெரும் பணியாற்ற முடியும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் திருமணத்தை நடத்தி வைக்கும் நாளிலேயே பதிவையும் உறுதிசெய்வது கடினமன்று. இரண்டாவது, திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சொத்தை மறுக்கும் ஏற்பாட்டை நீக்குதல். முஸ்லிம் மரபுரிமை விதிகளைப் பொறுத்தவரை, மரணசாதனம், நன்கொடை போன்ற வழிகளை மார்க்க அறிஞர்களே மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டும். மூன்றாவது, நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்தவர் பிரிந்தாலோ இறந்தாலோ, மற்றவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து உடனடியாக வெளியேற்றப்படாதிருக்கவும், அவரது உழைப்பின் பங்களிப்பு மதிப்பிடப்படவும் சட்ட ஏற்பாடு.

இவை சேர்ந்து வாழ்தலை ஊக்குவிக்கும் எனச் சிலர் அஞ்சலாம். திருமணம் எமது இரு சமூகங்களினதும் அடிப்படை நிறுவனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொறுப்பேதுமின்றி ஒரு பெண்ணுடன் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வெறுங்கையுடன் அவளை அனுப்ப முடியும் என்ற இன்றைய நிலையே திருமணத்தைத் தவிர்க்க விரும்பும் ஆணுக்குச் சாதகமானது. பொறுப்பைச் சட்டம் வலியுறுத்துமானால் திருமணத்தின் பெறுமதி குறையாது. இருவர் உழைப்பில் விளைந்த சொத்து இருவருக்கும் உரியது என்பதைத் தேசவழமை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் பதித்தது. அந்த நியாயம் பதிவேட்டில் பெயரில்லாத ஒரே காரணத்தால் ஒருத்திக்கு மறுக்கப்படலாகாது.